மலைக்கிராமங்களுக்கு இணையம்: பலூனா, செயற்கைக்கோளா, வைஃபையா?

#1 கடம்பூரான்

அனைவருக்கும் வணக்கம். சத்தியமங்கலத்துக்கு வடக்கே கடம்பூர் மலையில், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து இன்னும் உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரைச் சேர்ந்தவன் நான். எங்கள் ஊரில் கைபேசி இல்லாத வீடு அரிது. சிக்னல் கிடைக்கும் வீடுதான் இல்லை. ரேஷன் கடைக்காரர் கைரேகைக் கருவியைத் தூக்கிக்கொண்டு பாறை மேட்டுக்குப் போய் நின்றால்தான் அது சர்வரைப் பிடிக்கிறது. ஆகவே பொருள் போடும் நாளில் கூட்டம் மேட்டில் நிற்கிறது, அரிசி கடையில் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் இதே மேட்டில் குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்டார்கள்.

கூகுள் பலூனை அனுப்பப்போகிறது என்று 2013இல் படித்தோம். ஃபேஸ்புக் ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டதாக 2016இல் படித்தோம். இப்போது எங்கு பார்த்தாலும் செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் என்கிறார்கள். என் கேள்வி எளியது. நூற்றுச் சொச்சம் வீடுகளும் ஒரு பள்ளியும் ஒரு ரேஷன் கடையும் உள்ள ஊர், தன் கையிலிருக்கும் சிறிய தொகையைக்கொண்டு ஏதாவது செய்ய நினைத்தால் எதில் போடலாம்? 'அரசு கோபுரம் போடும்வரை பொறுத்திருங்கள்' என்ற பதிலை நாங்கள் நிறையக் கேட்டுவிட்டோம்; அதைத் தவிர வேறு எதையும் சொல்லுங்கள்.

#2 அலைக்கற்றை

பலூனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்தத் திட்டம் ஏன் மூடப்பட்டது என்பது உங்கள் கேள்விக்கும் பொருந்தும்.

கூகுளின் அந்த 'லூன்' பலூன்கள் சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில், விமானங்கள் பறக்கும் மட்டத்துக்கு இரு மடங்கு மேலே மிதந்தன. அவற்றுக்கு எஞ்சின் கிடையாது. அந்த உயரத்தில் ஒவ்வோர் அடுக்கிலும் காற்று வெவ்வேறு திசையில் வீசும். பலூன் உள்ளே காற்றை ஏற்றியும் வெளியேற்றியும் ஏறி இறங்கி, போகவேண்டிய திசையில் வீசும் அடுக்கைப் பிடித்துக்கொள்ளும். எந்த நேரத்தில் எந்த அடுக்குக்குப் போவது என்பதை மென்பொருள் முடிவுசெய்தது. ஒரு பலூன் 312 நாள் வானிலேயே இருந்தது. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவின் கோபுரங்களைச் சாய்த்தபோது இந்தப் பலூன்கள் வழியாக மக்களுக்கு இணைப்புக் கிடைத்தது. 2020 ஜூலையில் கென்யாவில் டெல்காம் கென்யாவுடன் சேர்ந்து, ஏறத்தாழ 35 பலூன்களைக்கொண்டு 50,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு வணிகச் சேவையே தொடங்கினார்கள்.

2021 ஜனவரியில் திட்டத்தை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். நிலைத்து நிற்கும் அளவுக்குச் செலவைக் குறைக்க முடியவில்லை என்பதே நிறுவனம் சொன்ன காரணம். பலூன் எவ்வளவு திறமையாகப் பறந்தாலும் சில மாதங்களில் இறங்கியாக வேண்டும், அதற்குள் மாற்றுப் பலூன் ஏறியிருக்க வேண்டும். கீழே தரைநிலையம் வேண்டும், உள்ளூர்த் தொலைபேசி நிறுவனத்தின் அலைவரிசை வேண்டும், மக்களிடம் 4ஜி கைபேசி இருக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்து, பணம் குறைவாக உள்ள மக்களிடமிருந்து திரும்பி வர வேண்டும். அது வரவில்லை.

ஃபேஸ்புக்கின் 'அக்கிலா' விமானத்தின் கதை இன்னும் குறுகியது. 2016 ஜூனில் அரிசோனாவில் 96 நிமிடம் பறந்தது, இறங்கும்போது இறக்கை சேதமடைந்தது, 2018இல் அந்த விமானத்தைக் கட்டும் பணியையே நிறுவனம் கைவிட்டது.

#3 மலையகத்தாள்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். லூன் பலூன் எங்கள் பக்கமும் வந்தது. 2015 ஜூலையில் அரசாங்கம் கூகுளுடன் உடன்படிக்கை செய்தபோது, நாடு முழுவதும் வானத்திலிருந்து இணையம் பெறப்போகும் முதல் தேசம் நாம்தான் என்று பெரிதாகப் பேசினார்கள். 2016 பெப்ரவரியில் சோதனைக்காக வந்த பலூன் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வந்து விழுந்தது. விழவில்லை, திட்டமிட்டு இறக்கினோம் என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். பிறகு அலைவரிசை ஒதுக்கீட்டுச் சிக்கலில் மாட்டிக்கொண்டு, அது சேவையாக மாறாமலே முடிந்துபோயிற்று.

இப்போது ஸ்டார்லிங்க் வந்திருக்கிறது. 2024 ஓகஸ்டில் அனுமதிப்பத்திரம், 2025 ஜூலையில் சேவை. தோட்டங்களில் அதை யார் பொருத்துகிறார்கள் என்று பார்த்தால், ஏற்கெனவே சிக்னல் உள்ளவர்கள்தாம். துரை பங்களா எப்போதும் மலைமுகட்டில் இருக்கும், தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசை பள்ளத்தில் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அந்த அமைப்பே இன்று யாருக்குக் கைபேசி எடுக்கும், யாருக்கு எடுக்காது என்பதையும் தீர்மானிக்கிறது. பங்களாவுக்கு இரண்டாவது இணைப்பாகச் செய்மதி (செயற்கைக்கோள்) வருகிறது. லயனில் உள்ள பிள்ளை கோயில் படிக்கட்டில் ஏறித்தான் பாடக் குறிப்பைத் தரவிறக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் செய்மதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மண்சரிவு வந்தபோது, வீதி, மின்சாரம், தொலைபேசி எல்லாம் பல இடங்களில் ஒன்றாக அறுந்தன. தரையில் எதையும் நம்பாத ஓர் இணைப்பு தோட்டத்துக்கு ஒன்றாவது இருந்திருந்தால் என்று அப்போது எல்லாரும் நினைத்தோம்.

#4 நேர்கோடு

மலையகத்தாள் அவர்கள் கடைசியாகச் சொன்னதுதான் என் கருத்தும். பழைய செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. நாம் கேட்டது மேலே போய், கீழே வந்து, பதில் மறுபடி மேலே போய்க் கீழே வருவதற்குள் அரை நொடிக்கு மேல் ஆகிவிடும். காணொளி அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்துவது அதனால்தான். ஸ்டார்லிங்க் கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகின்றன, ஆகவே அந்தத் தாமதம் கம்பிவழி இணைப்புக்குக் கிட்டத்தட்ட நெருங்கிவிடுகிறது. ஒரு தட்டை (டிஷ் ஆன்டெனாவை) வைத்தால் போதும். குழி வெட்ட வேண்டாம், கோபுரம் நட வேண்டாம், வனத்துறையிடம் நடையாய் நடக்க வேண்டாம். இந்தியாவில் ஒன்வெப், ஜியோ கூட்டு நிறுவனம், 2025 ஜூனில் ஸ்டார்லிங்க் என மூவரும் உரிமம் பெற்றுவிட்டார்கள். மலைக்கிராமத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விலை காலப்போக்கில் இறங்கும். கைபேசிக் கட்டணம் இறங்கவில்லையா?

#5 தேனிப்பக்கம்

நேர்கோடு அவர்களே, விலை இறங்கும்வரை கடம்பூரான் காத்திருக்க வேண்டும் என்றால், அவர் வேண்டாம் என்று சொன்ன பதிலைத்தான் நீங்களும் வேறு சொற்களில் சொல்கிறீர்கள்.

எங்கள் மாவட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2000களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. மையத்தில் மருத்துவர் இருக்கமாட்டார், பயிற்சி பெற்ற ஊழியர் இருப்பார். நோயாளி தேனியில் உள்ள மருத்துவரோடு காணொளியில் பேசுவார். அப்போது அந்த ஊர்களில் இருந்த இணைப்பில் காணொளி என்பது கனவு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவொன்று, வீட்டுக்குள் பயன்படுத்தும் வைஃபையையே எடுத்து, ஒரே திசையை நோக்கும் ஆன்டெனாக்களைப் பொருத்தி, 15 கிலோமீட்டர் வரையிலான இணைப்புகளை அமைத்தது.

சாதாரண வைஃபை அத்தனை தூரம் ஏன் போகாது என்பது சுவையான சங்கதி. வைஃபை ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு 'கிடைத்தது' என்ற பதிலுக்காகச் சில கணங்கள் மட்டுமே காத்திருக்கும். வீட்டுக்குள் அந்தப் பதில் உடனே வந்துவிடும். பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருந்தால் பதில் வந்து சேர்வதற்குள் காத்திருக்கும் நேரம் முடிந்துவிடும். அனுப்பியவர் அது தொலைந்துவிட்டது என்று எண்ணித் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார். சிக்னல் முழுசாக இருக்கும், வேகம் மட்டும் இருக்காது. அந்தக் குழு இந்த விதியையே மாற்றி, இருமுனைகளும் முறைவைத்துப் பேசும்படி மென்பொருளைத் திருத்தியது. இன்று கடையில் கிடைக்கும் வெளிப்புற வைஃபைக் கருவிகள் பலவற்றில் இத்தகைய ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது.

அவர்களை உண்மையில் திணறடித்தது மின்சாரம். வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கியதில் கருவிகளின் பலகைகள் எரிந்தன, மின்சாரம் திடீரென்று போய் வந்ததில் நினைவகத்தில் இருந்த மென்பொருள் கெட்டது. கருவி நின்றுவிட்டால் வெளிநாட்டு நிபுணர் வரமுடியாது. மையத்து ஊழியரே எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்து, எந்த வயரைப் பிடுங்கி மாட்டுவது என்று கற்றுக்கொண்ட பிறகுதான் அமைப்பு நிலைத்தது. புதிய தொழில்நுட்பத்தை வாங்குவதைவிட, அதை ஊரில் யார் பார்த்துக்கொள்வார் என்பதை முடிவுசெய்வதே முதல் வேலை என்பேன்.

#6 நேர்கோடு

தேனிக் கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் நழுவுகிறது. அங்கே நோயாளிக்குத் தேவையானவர், அதாவது மருத்துவர், கம்பியில்லா இணைப்பின் மறுமுனையிலேயே இருந்தார். கடம்பூரான் ஊருக்குத் தேவையானவை வெளியே, ரேஷன் சர்வரிலும் பள்ளிப் பாடத்திலும் வங்கியிலும் இருக்கின்றன. வைஃபையை எவ்வளவு தூரம் நீட்டினாலும் மறுமுனையில் இணையம் இருந்தால்தானே இங்கே வரும்? அந்த மறுமுனை எங்கே?

#7 அலைக்கற்றை

சரியான கேள்வி, இந்த உரையாடலின் மையமே அதுதான் என்று நினைக்கிறேன்.

ஊராட்சிகளுக்கு இணையம் தரும் ஒன்றிய அரசின் பாரத்நெட் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பணியை மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனம் செய்து வருகிறது. இழையின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே வருகிறது. கவனிக்க வேண்டியது, அது ஊராட்சி அலுவலகம் வரைதான் வரும். மலையில் ஓர் ஊராட்சி என்பது பல கிலோமீட்டர் இடைவெளியில் சிதறிக்கிடக்கும் குக்கிராமங்களின் தொகுப்பு. தலைமைக் கிராமத்தில் இழை, குக்கிராமத்தில் பாறை மேடு. ஆக மறுமுனை என்பது அந்த ஊராட்சி அலுவலகமாக இருக்கலாம், அல்லது செயற்கைக்கோள் தட்டாக இருக்கலாம். எதுவானாலும் அங்கிருந்து வீடுகளுக்குப் பிரித்துக்கொடுக்க வைஃபைதான். இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி வாதிடத் தேவையில்லை.

தட்டு என்றே முடிவெடுத்தால் இரண்டைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒன்று, மின்சாரம். வழக்கமான ஸ்டார்லிங்க் தட்டு 75 வாட் அளவில் இழுக்கிறது என்று கொண்டால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட், மின்வெட்டில் இரவு முழுவதும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியும் சோலார் பலகையும் தட்டின் விலையோடு போட்டிபோடும். வெளிப்புற வைஃபைக் கருவிக்குப் பத்து வாட்டே போதும். இரண்டு, வானம். தாழ்ந்து சுற்றும் கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் தட்டுக்கு அகன்ற, மறைப்பில்லாத வானம் வேண்டும். உயர்ந்த மரங்களுக்கு நடுவிலோ குறுகிய பள்ளத்திலோ இணைப்பு விட்டுவிட்டு அறுபடும். வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரு விஷயத்தில் பழைய வகை நமக்குச் சாதகம். இஸ்ரோவின் ஜிசாட்-11 போன்ற நிலைத்து நிற்கும் கோள், பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நமக்கு ஏறத்தாழ 75 பாகை உயரத்தில், உச்சி வானத்தில் தெரியும். பள்ளத்தில் இருந்தாலும் மரங்களின் நடுவே ஓர் இடைவெளி கிடைத்தால் போதும். காணொளி உரையாடலுக்கு அது இடைஞ்சல்தான். ரேஷன் கைரேகைக்கும் பாடம் தரவிறக்குவதற்கும் அரை நொடித் தாமதம் பொருட்டே இல்லை.

#8 மின்மினி

லேசர் ஒளி வழியாக இணையம் அனுப்புகிறார்களாமே, அது மலைக்கு மலை போட ஏற்றதல்லவா? காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள பிராசவில்லுக்கும் கின்ஷாசாவுக்கும் இடையே, சுமார் 5 கிலோமீட்டர் தூரத்துக்கு அப்படி இணைத்ததாகப் படித்தேன்.

#9 அலைக்கற்றை

அது 'தாரா' திட்டம். லூன் பலூன்களுக்கு இடையே பேச உருவாக்கிய ஒளிக்கற்றைதான் பிற்பாடு தரைக்கு இறங்கியது. ஆற்றைச் சுற்றிக் கேபிள் போட்டால் 400 கிலோமீட்டர் ஆகும் என்பதால் அங்கே அதற்கு நியாயம் இருந்தது. அடர்ந்த மூடுபனி ஒளியை மறைத்துவிடும். மார்கழியில் மலைமேல் என்ன நிலை என்பதைக் கடம்பூரான் அறிவார். வேகமும் நொடிக்கு 20 கிகாபிட் வரை. நூறு வீட்டுக்கு அது தேவையே இல்லை.

#10 கடம்பூரான்

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. அலைக்கற்றை ஐயா சொன்னதைப் படித்துவிட்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். பீரோவுக்குப் பின்னால் சுவரில் பெட்டி இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது. 'நெட் வருதுங்க, ஆனா நாங்க அதிகமா தொடுறதில்ல' என்றார் அங்கிருந்த ஊழியர். எங்கள் பாறை மேட்டிலிருந்து அந்த அலுவலகத்துக்குப் பின்னாலுள்ள மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரிகிறது. நேர்தூரம் ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கலாம். நடுவில் ஒரு கரட்டின் முகடு கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கிறது.

எனக்கு இன்னும் மூன்று ஐயங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரிந்தால் போதுமா? ஊரார் காசு வாங்கிக்கொண்டு வைஃபை கொடுத்தால் சட்டச் சிக்கல் வருமா? பாறை மேடு வனத்துறைக்கு உரியது. அங்கே ஒரு கம்பம் நட யாரிடம் போவது?

#11 தேனிப்பக்கம்

கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. ரேடியோ அலை நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில் போவதில்லை, நடுவழியில் பருத்துப் போகும். வைஃபை பயன்படுத்தும் 5 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்புக்கு நடுப்பகுதியில் அந்தப் பருமனின் ஆரம் 12 மீட்டரை ஒட்டி வரும். உங்கள் தூரத்துக்குச் சற்றுக் குறையும். அதில் பாதிக்கு மேலாவது தடையின்றி இருக்க வேண்டும். ஆகவே அந்தக் கரட்டு முகட்டைப் பார்வை உரசிக்கொண்டு போகிறதென்றால் கம்பத்தை உயர்த்தியே ஆக வேண்டும். மழைக்காலம் முடிந்து மூங்கிலும் மரமும் தழைத்திருக்கும் நேரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு உயரத்தை முடிவுசெய்யுங்கள், கோடையில் பார்த்தது ஏமாற்றும். இடிதாங்கியும் எர்த்தும் போடாமல் பாறைமேல் எதையும் நிறுத்தாதீர்கள். பாறையில் எர்த் எடுப்பது கடினம், மண் உள்ள இடம்வரை செம்புப் பட்டை இழுக்க வேண்டியிருக்கும். இந்தச் செலவை மதிப்பீட்டில் சேர்க்காதவர்கள் அதிகம்.

உரிமம் பற்றி: 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியை வரையறுத்த சக்திக்குள் உரிமமின்றிப் பயன்படுத்த 2018இலேயே அனுமதித்துவிட்டார்கள். காசு வாங்கி இணையம் தருவதற்கு, 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வாணி திட்டம் இருக்கிறது. அதன்கீழ் ஒரு பெட்டிக்கடைக்காரர்கூட உரிமக் கட்டணமில்லாமல் வைஃபை மையம் நடத்தலாம். ஊரில் மகளிர் குழு இருந்தால் அவர்களிடம் விடுங்கள். கணக்கும் வசூலும் அவர்களுக்குப் பழக்கம்.

#12 வனவுரிமை

மூன்றாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, வனவாசிகளின் ஊருக்குத் தேவையான பள்ளி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய் முதலானவற்றுக்காக ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்க வழி தருகிறது. அந்தப் பட்டியலில் மின் கம்பிகளோடு தொலைத்தொடர்புக் கம்பிகளும் உள்ளன. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்பதும், கிராம சபையின் பரிந்துரை வேண்டும் என்பதும் நிபந்தனைகள். அனுமதி மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிந்துவிடும், தில்லிவரை கோப்பு போக வேண்டியதில்லை. சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமானதால் இந்தச் சட்டம் அங்கே செல்லாது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு.

எச்சரிக்கையாக இரண்டு சொல்கிறேன். சட்டத்தில் 'கம்பிகள்' என்றுதான் இருக்கிறது, 'கோபுரம்' என்று இல்லை. எனவே விண்ணப்பத்தில் பள்ளிக்கும் ரேஷன் கடைக்குமான தொலைத்தொடர்பு இணைப்பு என்றும், அதற்கான கம்பம், எர்த் பட்டை, கேபிள் பாதை என்றும் தெளிவாக எழுதி, வரைபடத்தில் அளவைக் குறித்துக் கொடுங்கள். எந்த மரமும் வெட்டப்படாது என்பதையும் சேருங்கள். அடுத்தது, ஜனவரி 26, ஆகஸ்ட் 15 போன்ற நாட்களில் ஊராட்சி முழுவதற்கும் கூடும் கிராம சபையின் தீர்மானம் இதற்கு உதவாது. இந்தச் சட்டத்தின் கிராம சபை என்பது உங்கள் குக்கிராமத்தின் வயது வந்தோர் அனைவரும் கூடுவது. பாதிப்பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். வருகைப் பதிவில் கையொப்பம் குறைந்தால் கோப்பைத் திருப்பி அனுப்ப அதுவே போதும். உங்கள் ஊரில் வன உரிமைக் குழு ஏற்கெனவே அமைந்திருக்கிறதா என்று சொல்லுங்கள். அமைந்திருந்தால் தீர்மானத்தின் வாசகத்தை இங்கேயே எழுதித் தருகிறேன்.